விரியனும் வரையனும்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்புக்குச் சுகம், மனசுக்குத்தான் சுகமில்லை. நீயாவது அங்கே நல்லபடியாக இருக்க வேண்டும்.

நம் கிடங்கில் மூட்டை அடுக்கும் நெட்டையன், நீ அண்ணே என்று கூப்பிடுவாயே, நாலு நாளாக ஆஸ்பத்திரியில் மூச்சுக்குழாயோடு கிடக்கிறான். போன வருஷம் லீவில் வந்தபோது கதவிடுக்கில் கிடந்த கோடு போட்ட பாம்பைக் காட்டி, இது வரையன், பல்லி தின்கிற அப்பாவி, விஷமில்லை, அடிக்காதீங்க என்றாய். அன்றிலிருந்து கிடங்கில் அந்தப் பெயர் பழகிவிட்டது. பிறகு வந்த மூன்றையும் கையால் எடுத்து வேலியோரம் விட்டவன் நெட்டையன்தான். திங்கட்கிழமை காலை நான் போனில் லாரிக்காரனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன், உள்ளேயிருந்து, முதலாளி, விரியன் மாதிரி இருக்கு என்று கத்தியிருக்கிறான். என் காதில் வரையன் என்று விழுந்தது. அட, வரையனுக்கு ஏன்டா என்னைக் கூப்பிடுறே, தூக்கி வெளியே போடு என்றேன். முதலாளி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று கையை நீட்டிவிட்டான்.

கடித்த இடத்தில் வீக்கமில்லை, வலியுமில்லை. உங்க வரையனுக்கு இன்னிக்குக் கோபம் முதலாளி, எறும்பு மாதிரி கடிச்சிருச்சு என்று சிரித்தான். ஒரு மணி நேரத்தில் இமை தொங்கியது. காலையிலேயே என்னடா மாப்பிள்ளைத் தூக்கம் என்று நான் வேறு கேலி பேசினேன். நாக்குக் குழறிய பிறகுதான் ஓடிப்போய்ப் பார்த்தேன், அவன் வேலியோரம் விட்ட இடத்திலேயே பாம்பு சுருண்டு கிடந்தது. வரையனுக்குக் கோடு தலைப்பக்கம் பளிச்சென்று இருந்து வாலுக்குப் போகப்போக மங்கும், இதற்கு நேர்மாறு. கட்டுவிரியன். அவன் கத்தியது விரியன் என்று அப்போதுதான் உறைத்தது.

விஷமுறிவு மருந்து ஏற்றியாயிற்று, மூச்சு தானாக வரும் என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை. அவன் பெண்டாட்டி, இந்த மனுஷனுக்குக் கை சும்மா இருக்காதே என்று அவனையே திட்டி அழுகிறாள், முதலாளி பாவம், இங்கேயே கிடக்கிறாரு என்று எனக்கு டீ வாங்கித் தருகிறாள். வாய்ச் சாமர்த்தியத்தால் பிழைத்தவன் நான், இப்போது வாயை மூடிக்கொண்டு அந்த டீயைக் குடிக்கிறேன். நீ மனசைக் குழப்பிக்கொள்ளாதே, நீ சொன்னது சரி, கேட்டவன் காதுதான் கோளாறு. நாளைக் காலையில் அவளிடம் சொல்லிவிடப் போகிறேன். காறித் துப்பினாலும் துப்பட்டும். அவன் துடுக்குத்தனத்தால் விழவில்லை, என் சொல்லைக் கேட்டு விழுந்தான் என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு, ஆயுசோடு இரு. அம்மாவுக்கு என் பங்கு இன்னும் தெரியாது, போனில் வாய்விட்டுவிடாதே. அவளிடமும் நானே சொல்வேன், ஆனால் முதலில் கேட்க வேண்டியவள் நெட்டையன் பெண்டாட்டி.

உன் அப்பா