ஜோஸ்பின் டீச்சர் கொண்டுவந்த தட்டு

பாகூர்,
சித்திரை மாதம், செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு,

மஞ்சுளா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அபிதாவும் உங்கள் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். மஸ்கட்டில் வெயில் ஏறத் தொடங்கியிருக்கும். தலையில் துண்டு இல்லாமல் சைட்டுக்குப் போகாதீர்கள். கையில் போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிப்பீர்கள். போனில் சொன்னால் அங்கே ரூமில் இருக்கிற நாலு பேர் கேட்பார்கள், இங்கே உங்கள் அப்பா கேட்பார். அதனால்தான் லீவு முடிந்து திரும்புகிற ராஜ்குமார் அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தனியாக உட்கார்ந்து படியுங்கள்.

சொர்ணவாரிப் பட்டத்துக்கு நெல் நாற்று விட்டாகிவிட்டது. கரும்பு வெட்டத்தான் மில்லிலிருந்து இன்னும் கட்டிங் ஆர்டர் வரவில்லை. மில் மேல் இருக்கிற கோபத்தை உங்கள் அப்பா என் குழம்பின் மேல் காட்டுகிறார். அது கிடக்கட்டும்.

நம் பாப்பா அபிதா விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் அவளை நம் ஊர் கவர்மென்ட் ஸ்கூலிலிருந்து எடுத்து மெயின் ரோட்டு இங்கிலீஷ் ஸ்கூலில் போட்டோம். காரணம் உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். படிப்பு மட்டம் என்று ஒருவரும் சொல்லவில்லை. இரண்டு இடத்திலும் ஒரே சிபிஎஸ்இ பாடம்தான். நம் தெருப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வேன் ஏறிவிட்டார்கள். அங்கே மிஞ்சியது காலனிப் பிள்ளைகளும், சூளையில் செங்கல் அறுக்க ஒடிசாவிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளும்தான். "அதுங்க கூடவா நம்ம வூட்டுப் பொண்ணு குந்தி சாப்புடணும்?" என்று உங்கள் அப்பா கேட்டார். நீங்களும் சரி என்றீர்கள். என்னை யாரும் கேட்கவில்லை.

நம் ஊர் ஸ்கூலில் இவள் எப்படி இருந்தாள் என்று நீங்கள் பார்த்ததில்லை. எழுத்துக்கூட்டாமல் பேப்பர் வாசிப்பாள். காலனி லில்லிக்கும் இவளுக்கும்தான் கணக்கில் போட்டி. லில்லி ஜெயித்துவிட்டால் அன்றைக்கு வீட்டில் சோறு வேண்டாம் என்று முறுக்கிக்கொள்வாள், மறுநாள் பார்த்தால் அவள் தோளிலேயே கையைப் போட்டுக்கொண்டு போவாள். சூளைக்காரப் பிள்ளைகளுக்கு இவள் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள். பதிலுக்கு அவர்களிடம் நாலு வார்த்தை கற்றுக்கொண்டு வந்து என்னைத் திட்டுவாள். என்ன திட்டுகிறாள் என்றே தெரியாமல் நானும் சிரித்துக்கொண்டிருப்பேன்.

இந்த இங்கிலீஷ் ஸ்கூலில் வகுப்பிலேயே கடைசி. பாத்ரூம் போகவும் இங்கிலீஷில் கேட்டால்தான் விடுவார்களாம். தப்பாகக் கேட்டால் சிரிப்பார்கள் என்று பயந்து, அடக்கி அடக்கி, ஒருநாள் உடுப்பை நனைத்துக்கொண்டு வந்தாள். வேனில் மற்ற பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள் என்று டிரைவர் சொன்னார். அதற்குப் பிறகு காலையில் தண்ணீரே குடிப்பதில்லை. பாட்டில் கொடுத்தனுப்பியபடியே திரும்பி வருகிறது. இப்போது என்னைக் கூப்பிட்டு, மூன்றாம் வகுப்பையே இன்னொரு வருஷம் படிக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

போன வெள்ளிக்கிழமை நம் ஊர் ஸ்கூல் தலைமையாசிரியை ஜோஸ்பின் டீச்சர் வீட்டுக்கு வந்தார். பிள்ளைகள் சேராவிட்டால் அந்தப் பள்ளியைப் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு சேர்த்துவிடுவார்களாம். அதனால் கல்யாணத்துக்கு அழைப்பதுபோல் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், பூ வைத்துக்கொண்டு வீடு வீடாக அழைக்கிறார். தட்டைக் கையில் வாங்கினால் பிள்ளையை அனுப்புகிறோம் என்று அர்த்தம். உங்கள் அப்பா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "இன்னா டீச்சர், உங்க வூட்ல கல்யாணமா?" என்று நக்கலாகக் கேட்டார். டீச்சர் சிரித்தமுகமாகத் தட்டை நீட்டியபடியே நின்றார். நான் கையை நீட்டப்போனேன், உங்கள் அப்பா பார்த்த பார்வையில் நின்றுவிட்டேன்.

அந்த நேரத்தில் அபிதா உள்ளேயிருந்து ஓடிவந்து தட்டை வாங்கிக்கொண்டாள் மாமா. இரண்டு கையாலும் வாங்கி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "வந்துடு கண்ணு, லில்லி உன்னதான் கேட்டுனு இருக்குது" என்று டீச்சர் அவள் கன்னத்தைத் தடவினார். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவள் பல் தெரியச் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

உங்கள் அப்பா எழுந்து வந்து தட்டைப் பிடுங்கி வாசற்படியில் வைத்தார். தூக்கி எறியவில்லை, அதுவரைக்கும் மரியாதை. "கொழந்த தெரியாம வாங்கிடிச்சி, எடுத்துனு போங்க" என்றார். டீச்சர் குனிந்து, பிடுங்கியதில் சிதறின பாக்கைப் பொறுக்கி வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனார். அங்கேயும் கதவைத் திறக்கவில்லை.

அபிதா அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. அன்று முதல் வீட்டில் யாரோடும் பேச்சில்லை. பசிக்கிறதா என்றால் தலையை ஆட்டுகிறாள், அவ்வளவுதான். காத்து கருப்பாக இருக்கும் என்று அக்கம்பக்கத்தில் சொல்லி, மந்திரித்துக் கயிறும் கட்டியாகிவிட்டது. குழந்தைக்கு என்ன என்று பெற்றவளுக்குத் தெரியாதா?

இந்த மாதத்துக்குள் வந்தால் நாலாம் வகுப்பிலேயே சேர்த்துக்கொள்கிறேன் என்று டீச்சர் சொல்லியனுப்பியிருக்கிறார். நான் பேச்செடுத்தால் உங்கள் அப்பா துண்டை உதறிக்கொண்டு வயலுக்குப் போய்விடுகிறார். நீங்கள் சொன்னால்தான் கேட்பார். ஊரில் கௌரவம் போய்விடும் என்பார். போகட்டும் மாமா. நமக்கு இருப்பது ஒரே பிள்ளை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கூப்பிடும்போது அவள் இங்கிலீஷில் பேசுகிறாளே, ரூமில் எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போடுகிறீர்களே, அது உங்கள் அப்பா முதல் நாளே உட்காரவைத்து மனப்பாடம் செய்யவைப்பது. வாராவாரம் அதே நாலு வரிதான், வீட்டில் வாய் திறக்காத இவள் போன ஞாயிறும் அதைத்தான் ஒப்பித்தாள். நீங்கள் கவனித்திருக்கமாட்டீர்கள். இந்த ஞாயிறும் அதை மட்டும் சொல்வாள், தாத்தாவுக்குப் பயந்துகொண்டு.

இந்த முறை ஸ்பீக்கரில் போடாதீர்கள். அவள் ஒப்பித்து முடித்ததும் குட் கேர்ள் என்று சொல்லி வைத்துவிடாதீர்கள். இன்னாடி சாப்ட்ட என்று நம் பேச்சில் கேளுங்கள். உடனே பதில் வராது. லைன் கட்டாகிவிட்டது என்று நினைக்காதீர்கள் மாமா. அவள் அங்கேதான் நிற்பாள். கொஞ்சம் காத்திருங்கள்.

உங்கள் உடம்பு நன்றாக இருக்கவேண்டும் என்று கும்பிட்டுக்கொள்ளும்,
மஞ்சுளா