விலகல் விண்ணப்பம்

அத்தா,

இன்று காலை, நான் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடையில், பிரிண்டரிலிருந்து சூடாக வந்த தாளை எடுத்து நீட்டும்போது உங்கள் நினைப்பு வந்துவிட்டது. முதல் வருடத்தோடு படிப்பிலிருந்து விலகுவதற்கான விண்ணப்பம் அது. அகரம் ஊரிலிருந்து ஒருவர் மகளோடு வந்திருந்தார். "திரும்ப எப்ப வேணாலும் சேந்துக்கலாம்லம்மா?" என்று என்னைக் கேட்டார். விதியில் அப்படித்தான் இருக்கிறது என்றேன். திரும்பிப் போவது லேசில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அம்மா பக்கவாதத்தில் விழுந்தபோது நான் கணிதம் முதல் வருடம். தோல் மண்டி வேலையை விட்டுவிட்டு உங்களால் வீட்டில் இருக்க முடியாது. அரசின் புதிய உயர்கல்வித் திட்டம் அப்போதுதான் எங்கள் பல்கலைக்கழகத்துக்கு வந்திருந்தது. ஒரு வருடம் முடித்தாலே சான்றிதழ். இடையில் நின்றவர்கள் பிறகு வந்து மீதியைப் படிக்கலாம். துறைத்தலைவரிடம் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டீர்கள். நின்றால் எல்லாம் போயிற்று என்ற பழைய முறையே இருந்திருந்தால், ஆத்தூரிலிருந்து உங்கள் தங்கையைக் கூட்டிவந்தாவது என்னை அனுப்பியிருப்பீர்கள். "ஒனக்குச் சம்மதமாம்மா?" என்றீர்கள். தலையாட்டினேன். விலகல் விண்ணப்பத்தில் நீங்கள் கையெழுத்துப் போட்டீர்கள்.

நான்கு வருடம் ஓடிவிட்டது. நீங்கள் மௌத்தாகி நாற்பதாம் நாள் கழிந்ததும் பல்கலைக்கழகத்துக்குப் போய் விசாரித்தேன். என் மதிப்பெண்கள் பத்திரமாக இருக்கின்றனவாம். ஆனால் பாடத்திட்டம் மாறிவிட்டது, சில தாள்களைப் புதிதாக எழுத வேண்டும், வகுப்பு பகல் முழுக்க. பக்கத்து வீட்டு அக்கா காலையில் மூன்று மணி நேரம் அம்மாவைப் பார்த்துக்கொள்வதால்தான் இந்தக் கடைக்கே வர முடிகிறது என்று சொன்னேன். அலுவலர் நல்ல மனுஷர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கதவு தெறந்துதாம்மா இருக்கு. நீங்கதான் வரணும்" என்றார்.

ஆஸ்பத்திரியில் அந்தக் கடைசி வாரம், "நா அன்னைக்குக் கையெழுத்துப் போட்டிருக்கக் கூடாதும்மா" என்றீர்கள். எனக்குப் படிப்பே பிடிக்கவில்லை, அதை உங்களிடம் சொல்லப் பயந்துகொண்டிருந்தபோதுதான் நீங்களாகக் கேட்டீர்கள் என்றேன்.

"நெசமாவா?"

"நெசமா அத்தா."

அன்று கஞ்சியை மிச்சம் வைக்காமல் குடித்தீர்கள்.

அம்மா அப்போது வீட்டில் இருந்தாள். நான் சொன்னதை நீங்கள் போனில் அவளிடம் சொல்லியிருக்கிறீர்கள் என்று பிறகுதான் தெரிந்தது. பார்க்க வருகிறவர்கள் என் படிப்பைப் பற்றிக் கேட்டால், "அவளுக்குப் பிடிக்கல, அவளாத்தான் நின்னுட்டா" என்று குழறிக் குழறிச் சொல்கிறாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள். நானும் ஒவ்வொரு தடவையும் ஆமாம் என்கிறேன்.