பூட்டிய வீட்டில் இறங்கும் எண்

மார்ச் 3

நான் பராமரிக்கும் கடல்நீர்ப் பவளத் தொட்டி வீட்டுக்காரர்கள் நேற்று ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். வர ஒரு மாதம் ஆகும். சாவி கீழே காவலாளியிடம். "வாங்க மீன் டாக்டர், இன்னிக்கு யாருக்குக் காய்ச்சல்?" என்று வழக்கம்போலக் கேட்டுவிட்டுத்தான் கொடுத்தார்.

வீட்டம்மா போகும்போது சொன்னது: "ஹால்ல தொட்டியை மட்டும் பாரு. வேற ரூம் எதுக்கும் போக வேண்டாம்." ஆமாம், இவள் மெத்தையில் புரளத்தான் நான் படித்துவிட்டு வேலைக்கு வந்தேன்.

வேலைக்காரப் பெண்ணை ஊருக்கு அனுப்பிவிட்டார்களாம். நல்லதுதான், பாவம். நான் தரையில் ஒரு சொட்டு சிந்தினால் துணியோடு ஓடிவருவாள். ஒரு நாளும் பேசியதில்லை. பேசக்கூடாது என்று உத்தரவு போல.

தொட்டித் தண்ணீரின் பி.எச். எண் 8.1. வீட்டில் மூச்சுவிட ஆளில்லை. இனி தானாக ஏறும்.

மார்ச் 5

தொட்டி சென்சார் அனுப்பும் எண்ணைப் போனில் பார்த்தேன். 7.9. ஏற வேண்டியது இறங்குகிறது.

மார்ச் 6

போய்ப் பார்த்தேன். சென்சாரைக் கழுவிச் சோதனைக் கரைசலில் வைத்தேன், சரியாகத்தான் காட்டுகிறது. எண்ணை ஏற்றச் சுண்ணாம்புத் தண்ணீர் சொட்டும் பம்ப் ஓடுகிறது. காரத்தன்மை, கால்சியம், உப்பு, எதுவும் அசையவில்லை. அப்படியானால் தண்ணீரில் குறையில்லை. காற்றில்தான்.

தொட்டிக்கு அடியில் அலமாரிக்குள் ஸ்கிம்மர் இருக்கிறது. காற்றை உறிஞ்சி, நுரை கட்டி, அழுக்கை வெளியேற்றும். அது எந்தக் காற்றை உறிஞ்சுகிறதோ அதுதான் தண்ணீரில் கரையும். பத்துப் பேர் கூடி உட்கார்ந்த அறையின் காற்று என்றால், அவர்கள் விடும் மூச்சின் கரியமில வாயு கரைந்து எண் இறங்கும். ஆனால் இங்கே யார் இருக்கிறார்கள்? ஹால் ஜன்னலைத் திறந்து வைத்தேன், மெல்ல ஏறியது. மூடினேன், இறங்கியது.

நான் வேலை பார்க்கும் மீன்தொட்டிக் கடையின் முதலாளிக்குப் போன் போட்டேன். "பூட்டின வீட்ல யாரும்மா மூச்சு விடுறது, பேயா? சுண்ணாம்பைக் கூட்டி விடு."

கூட்டினால் காரத்தன்மை எகிறிப் பவளத்தின் நுனி வெந்துபோகும். இவருக்கென்ன, எண் சரியாகத் தெரிந்தால் போதும்.

போனை வைத்த பிறகு ஹாலில் அப்படியே நின்றேன். பம்ப் சத்தம் மட்டும். ஏனோ மெதுவாக நடந்து வெளியே வந்தேன், யாரையோ எழுப்பிவிடக்கூடாது என்பதுபோல.

மார்ச் 7

ஸ்கிம்மரின் காற்றுக் குழாயை நீளமாக்கி, ஜன்னல் இடுக்கு வழியாக வெளியே விட்டேன். மதியத்துக்குள் 8.3. கோடு போட்டதுபோல நிற்கிறது. வீட்டம்மா எங்கிருந்தோ தன் போனில் பார்த்துவிட்டு "சூப்பர்" என்று அனுப்பினாள். முதலாளி "கெட்டிக்காரிதான்" என்றார். எனக்கும் கொஞ்சம் தலைக்கேறியது, பொய் சொல்வானேன்.

மார்ச் 10

ஆவியாகும் தண்ணீரை ஈடுகட்ட அலமாரிக்குள் ஒரு கேன் நல்ல தண்ணீர் வைப்போம். அது பாதிக்கும் கீழே போய்விட்டது. மூடிக் கிடக்கும் வீட்டில் இவ்வளவா ஆவியாகும்? தரை உலர்ந்து கிடக்கிறது, கசிவு இல்லை. அலமாரியின் பின்பலகையில், குழாய்களுக்காகக் கை நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. அந்தப் பக்கம் பூட்டிய சாமான் அறை. எலி கிலி வருகிறதோ? கேனை நிரப்பி, மூடியைச் சுற்றி டேப் ஒட்டிவிட்டேன்.

மார்ச் 12

டேப்பை யாரோ உரித்திருக்கிறார்கள்.

உரித்து, மறுபடியும் ஒட்டியிருக்கிறார்கள். நான் ஒட்டினால் கோணல்மாணலாகத்தான் இருக்கும். இது நேராக, ஓரம் அழுத்தி, நுனியைக் கொஞ்சம் மடக்கி — அடுத்த முறை உரிக்க வசதியாக. கேனில் தண்ணீர் குறைந்திருக்கிறது.

கீழே ஓடினேன். காவலாளி, "சாவி என் இடுப்பை விட்டு இறங்கவே இல்ல தங்கச்சி" என்றார்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். தையல் கம்பெனிக்குப் போகுமுன் அவள் நாலு வீட்டில் வேலை பார்த்தவள். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"அந்தப் பொண்ணை ஊருக்கு அனுப்புனதை நீ பாத்தியாடி?"

"அவங்க சொன்னாங்க."

"ஊருக்குப் போறவங்க தண்ணி மெயின் வால்வை மூடிட்டுத்தானே போவாங்க?"

மூடியிருந்தால், உள்ளே இருக்கிறவளுக்கு என் கேன்தான் குடிதண்ணீர்.

மார்ச் 13

முதலில் காவலாளியைக் கேட்டேன். வீட்டார் நாலு பேரும் காரில் ஏறியதைப் பார்த்தாராம். "அந்தப் பொண்ணு... பாக்கலையே" என்று இழுத்தார்.

மேலே போனதும் குழாயை ஜன்னலிலிருந்து உருவி, பழையபடி அலமாரிக்குள் விட்டேன். நாற்காலியை இழுத்துப் போட்டு எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். 8.3. 8.2. ரொம்ப நேரம் 8.2. பிறகு 8.1.

அது ஓட்டை வழியாக வரும் அவள் மூச்சு. முதல் வாரத்திலேயே தொட்டி சொல்லிவிட்டது. நான்தான் குழாய் போட்டு அதன் வாயை அடைத்துவிட்டு, சூப்பர் வாங்கினேன்.

சாமான் அறைக் கதவில் வெளியே பூட்டு. தட்டினேன். "நான் தொட்டி பாக்குறவ. தனியாத்தான் இருக்கேன்." அலமாரிக்குள் தலையை விட்டு, ஓட்டையருகே வாயை வைத்துக் கேட்டேன், "உள்ள இருக்கியாம்மா?"

பம்ப் சத்தம். உப்பு வாடை. அப்புறம், காதுக்குப் பக்கத்திலேயே, ரகசியம் போல —

"டேப்பைச் சரியாத்தானே ஒட்டினேன்? அவங்ககிட்ட சொல்லிடாதீங்கக்கா."

காவலாளி, "என் வேலை போயிடும் தங்கச்சி" என்றார். சொல்லிக்கொண்டேதான் கடப்பாரையை எடுத்துக்கொண்டு படியேறினார்.

மார்ச் 14

அவள் அங்கேதான் படுப்பாளாம், எப்போதும். கதவு திறந்தபோதும் வெளியே வரவில்லை. சுவரோரம் கைகட்டி நின்றாள். ரொட்டிப் பொட்டலங்கள், ஒரு வாளி, காற்றுகூட வராத குழாய். வெளியே விட்டால் எவனையாவது வீட்டுக்குள் கூட்டி வந்துவிடுவாள் என்று வீட்டம்மா போட்ட பூட்டாம். அவள் போனையும் பிடுங்கி பீரோவில் வைத்துவிட்டாளாம். சத்தம் போட்டால் நகை திருடினாள் என்று போலீசில் எழுதிக் கொடுப்பேன் என்றாளாம். நான் வந்த நாளெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டிருந்திருக்கிறாள். நானும் அவர்கள் ஆள்தானே.

போலீஸ் என்னிடம் இரண்டு தடவை கேட்டது: "பூட்டை உடைச்சது யாரு?" பூட்டியது யார் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நான்தான் சொன்னேன். கத்திச் சொன்னேன். வேண்டாவெறுப்பாக எழுதிக்கொண்டார்கள்.

மார்ச் 16

வேலை போய்விட்டது. முதலாளி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "பவளம் செத்துட்டா யாரு பொறுப்பு?" போங்கய்யா.

மார்ச் 19

தொட்டி ஆப்பிலிருந்து என் பெயரை இன்னும் நீக்கவில்லை. போனில் அந்தத் தொட்டியின் எண் தெரிகிறது. பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். நான் விட்டபடி குழாய் அலமாரிக்குள்தான் கிடக்கும், ஜன்னல் மூடித்தான் இருக்கும். 8.3.

இப்போதுதான் அந்த வீட்டில் யாரும் இல்லை.

இங்கே எங்கள் ஒரே அறையில் மூன்று பேர்: நான், அக்கா, அந்தப் பெண். அவள் கதவோரம் படுக்கிறாள், கதவைச் சாத்த விடுவதில்லை. கொசு பிய்த்து எடுக்கிறது. "ரத்தத்தையெல்லாம் குடிச்சிட்டுப் போகப் போகுது" என்று அக்கா திட்டிக்கொண்டே போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறாள். எழுந்து போய்ச் சாத்தவில்லை. நானும்தான்.