பெர்னாண்டஸ் கொடுத்த டிக்கெட்

பம்பாய்,
ஜூலை 1961

அன்புள்ள சகாயராணிக்கு,

மாதா புண்ணியத்தில் நலமாக இருக்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா?

எங்கள் தோல் கம்பெனியில் டைப் அடிக்கும் கோவாக்காரர் பெர்னாண்டஸ், ஜாஸ் என்கிற மேல்நாட்டு வாத்தியக் கச்சேரிக்கு எனக்கு ஒரு டிக்கெட்டைச் சும்மா கொடுத்தார். அறையில் கூட இருக்கும் வத்தலக்குண்டு சோலைமுத்து, "ஏலே, சும்மா தாரவன் எதுக்கோ அடிபோடுறான். சூதானமா இரு" என்றான்.

எனக்கும் அதே சந்தேகம்தான். கச்சேரியில் மேடையை விட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெர்னாண்டஸையே கவனித்துக்கொண்டிருந்தேன். வாசித்தவர்கள் மீதும் சந்தேகம் வந்தது. வாசிப்பில் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். மெட்டையே மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். திடீரென்று எல்லோரும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தார்கள். என்னை அறியாமல் தொடையைத் தட்டிவிட்டேன்.

வெளியே வந்ததும், "எதற்காக என்னைக் கூப்பிட்டீர்கள்?" என்று கேட்டே விட்டேன்.

"மனைவி இறந்துபோன பிறகு பக்கத்து நாற்காலி காலியாகவே இருந்தது. ஆபீசில் மேஜையில் தாளம் போடுகிறவர் நீங்கள் ஒருவர்தான்" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

பருப்புப் பொடி கொஞ்சம் அனுப்பு, அவருக்கும் சேர்த்து. நீயும் பிள்ளைகளும் இருக்கும் போட்டோ ஒன்றும் வேண்டும். நான் குடிக்கவில்லை, பயப்படாதே. நீ மட்டும் கடிதத்தை நீளமாக எழுது. நாலு வரியில் முடித்தால், எதையோ மறைக்கிறாய் என்று தோன்றுகிறது. வேலைக்கு நேரமாகிவிட்டது.

உன்,
பவுல்ராஜ்