தாழ்ப்பாள் போட்ட மத்தியானம்

பாங்னிர்டுங்,
ஆகஸ்ட் கடைசி

என் கண்ணான லீசீக்கு,

அம்மா எழுதுகிறேன். ஆட்டவாவில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, தூங்கி, நன்றாகப் படிக்கிறாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம். அப்பாவின் முழங்கால் வலி மட்டும் வீட்டு வேலை சொன்னால் வருகிறது, படகு ஏறினால் போய்விடுகிறது.

உன் டீச்சர் கோலெட் அம்மாவும் அவர் கணவரும் இங்கே விருந்தாளிகளாக வந்துவிட்டு ஊர் திரும்பி உனக்கு எல்லாம் சொல்லியிருப்பார்கள். நானும் போனில் "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது" என்றேன். அது பொய், லீசீ. அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், எனக்கு வாய் வரவில்லை.

நேஷனல் பார்க்கில் அவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. கடல் உள்ளே நுழைந்து முடியும் இடம்வரை அப்பா படகில் கொண்டுபோய் விட்டு, கூடவே நடந்தார். பனியாறு பார்த்தார்கள், நரி பார்த்தார்கள். டீச்சரின் கணவர் ஒரு பூட்ஸை ஆற்றுக்குக் கொடுத்துவிட்டு வந்தார். கரடி வரவில்லையே என்று அவருக்கு வருத்தம். வராததில் அப்பாவுக்கு நிம்மதி.

பிறகு ஒரு நாள் ஜெய்பீட்டி அவர்களைக் கெகர்ட்டன் தீவுக்கு அழைத்துப் போனார். அப்பா இல்லாமல் வேட்டைக்கே போகாத மனுஷன், அப்பாவின் விருந்தாளிகள் என்றால் விடுவாரா? நம் பெரியவர்கள் வாழ்ந்த வீடுகளின் கல்வட்டத்துக்குள் நின்று, "இங்கதான் தரையில கறி கிடக்கும். யார் வந்தாலும் வெட்டித் தின்னலாம். கதவு தட்டுற பழக்கமெல்லாம் நமக்கு ஏது?" என்றாராம். கோலெட் அம்மா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாராம்.

அன்று மத்தியானம் நம் வீட்டில் சாப்பாடு. தரையில் அட்டை விரித்துக் கறி வைக்க வேண்டாம் என்று நீ முன்னமே சொல்லியிருந்தாய். நானும் கடல்நாய்க் கறியை எல்லாம் ஃப்ரீசரின் அடியில் தள்ளிவிட்டு, கடைக் கோழியை வேக வைத்து, மேஜைக்குத் துணி போட்டேன். வரும் வழியில் ஜெய்பீட்டி ஒரு கடல்நாயை அடித்திருந்தார். அவர்களைக் கரையில் இறக்கிவிட்டு அதை அறுக்க நின்றுவிட்டார். முடித்ததும் ரத்தக் கையோடு நேராக நம் வீட்டுக்குத்தான் வருவார் என்று எனக்குத் தெரியும். தரையில் உட்காருவார், பச்சையாகத் தின்பார், ஏப்பம் விடுவார். விருந்தாளிகள் உள்ளே வந்ததும் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டேன். அது துருப்பிடித்து நகரவே மாட்டேன் என்றது. அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்கலாம்.

சாப்பிடும்போது கோலெட் அம்மா ஆசையாகக் கேட்டார், "நீங்க இன்னமும் அந்த மாதிரி தரையில உக்காந்து சாப்பிடுறதுண்டா?" என்று. "ஐயோ, அதெல்லாம் அந்தக் காலம்" என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, கதவின் கைப்பிடி ஆடியது. நின்றது, மறுபடி ஆடியது. அப்பா எழுந்திருக்கப் போனார். நான் முறைத்தேன். உட்கார்ந்துவிட்டார். யாரோ வந்திருக்கிறார்களா என்று கோலெட் அம்மா கேட்டார். காற்று என்றேன்.

அவர்கள் போன பிறகு கதவைத் திறந்தால், படியில் ஒரு சுத்தமான பை. விருந்தாளிகளுக்கென்று ஜெய்பீட்டி ஈரலும் விலாக்கறியும் கொண்டுவந்து வைத்திருக்கிறார். பாதியை அண்டங்காக்கைகள் கிழித்துத் தின்றிருந்தன. எனக்கு அப்படியே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

அன்றைக்குப் பிறகு அவர் நம் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. மன்னிப்புக் கேட்கத்தான் அவர் வீட்டுக்குப் போனேன். என்ன கொடுமையோ, திறந்திருந்த கதவை என் கை தானாகத் தட்டியது. உள்ளேயிருந்து, "யாரு, போலீஸா? உள்ள வாங்க, நான் ஒண்ணும் பண்ணலை!" என்று அவர் கத்த, எல்லோரும் சிரித்தார்கள். என்னைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு நின்றது. டீ கொடுத்தார், காற்றின் திசையைப் பற்றிப் பேசினார். கேட்க வந்ததைக் கேட்காமலே கூனிக் குறுகித் திரும்பி வந்தேன்.

அப்பா இப்போது தனியாகப் படகை எடுத்துக்கொண்டு போகிறார். குளிர்காலம் வந்தால் கடல் உறைந்துவிடும். துணைக்கு ஆள் இல்லாமல் அந்த முழங்காலோடு அவர் பனிமேல் போகக் கூடாது.

இதை நீ உன் தலையில் போட்டுக்கொள்ளாதே. நீ சொன்னது தரையைப் பற்றி. பூட்டினது என் கை.

ஒன்று மட்டும் செய். செத்துப்போன ஜெய்பீட்டியின் அம்மா பெயரைத்தான் உனக்கு வைத்தோம்; பெயரோடு உறவும் வருவது நம் வழக்கமாயிற்றே. நீ தொட்டிலில் கிடந்தபோதே அவர் உன்னை "அம்மா" என்று கூப்பிட்டார், பேச்சு வந்ததும் நீ அவரை "மகனே" என்றாய். கரையில் அப்பாவிடம், "என் அம்மா வீட்டையே எனக்குப் பூட்டிட்டீங்களேடா" என்றாராம். என் பேச்சுக்கு இனி அங்கே மதிப்பில்லை, உன் பேச்சை அவர் மீறமாட்டார். அவருக்குப் போன் பண்ணு. மன்னிப்பை நான் கேட்டுக்கொள்கிறேன், நீ கேட்காதே. "மகனே, பசியோட இருக்காத. வீட்டுக்குப் போ, அவ தரையில அட்டை விரிச்சு வெச்சிருக்கா" என்று மட்டும் சொல்.

நீ எந்த ஊரில் இருந்தாலும் யார் முன்னாலும் தலைகுனியாமல் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
வெட்கத்தோடும் பாசத்தோடும்
உன் அம்மா
ஒலீபிகா