ஜோலினின் வேலிக்குக் கீழே கிடந்த மான்

கெட்டில் ஹாலோ, பென்சில்வேனியா
ஜனவரி, வெள்ளிக்கிழமை மாலை

அன்புள்ள மேரனுக்கு,

வீட்டில் எல்லாரும் நலமா என்று கேட்டிருந்தாய். அதற்கு என்ன பதில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை, உட்கார்ந்து யோசித்தும் தெரியவில்லை. உடம்பைக் கேட்டால் நலம்தான். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, எனக்கு வந்த சளி கிறிஸ்துமஸோடு போய்விட்டது, கிணற்றுக் குழாய் ஒருமுறை உறைந்து நானே வெந்நீர் ஊற்றிச் சரிசெய்தேன். புத்தாண்டுக்கு வழக்கம்போலப் பன்றிக்கறியும் புளித்த முட்டைக்கோசும் செய்தேன், நீ இல்லாததால் மிஞ்சிப்போய் மூன்று நாள் அதையே சாப்பிட்டோம். டாஸ்மேனியாவில் இப்போது நல்ல வெயில் என்று எழுதியிருந்தாய், மீன் கணக்கெடுக்கப் படகில் போகும்போது தொப்பி இல்லாமல் போகாதே, உனக்கு என் தோல், அரை நாளில் சிவந்து உரிந்துவிடும்.

நலச்செய்தி இவ்வளவுதான். மீதி எல்லாம் கோபம். உன்னிடம் எழுதாமல் விட்டிருக்கலாம், ஆனால் இந்த ஊரில் இதை நான் சொல்லக்கூடிய ஒரு ஆள் இல்லை, சொன்னால் சாயங்காலத்துக்குள் எல்லா வீட்டுக்கும் போய்விடும். நீ இங்கிருந்தபோதே தொடங்கிய சண்டைதான் இது. அக்டோபர் மான் வேட்டைப் பருவத்தில் குழல்வாய் வழியாக வெடிமருந்து போட்டு இடிக்கிற எந்தத் துப்பாக்கியையும் எடுக்கலாம், புது மாதிரியோ பழையதோ கேள்வி இல்லை. கிறிஸ்துமஸுக்குப் பிறகு வருகிற பருவத்தில் மட்டும் சக்கிமுக்கிக் கல் தட்டி, வெளியே கிண்ணியில் இருக்கும் மருந்தில் பொறி விழுந்து பற்றுகிற பழைய துப்பாக்கிதான். அந்தப் பருவத்தையும் புது மாதிரிகளுக்குத் திறந்துவிட வேண்டும் என்று நம் கீழ்வீட்டு ஜோலின் குஸ்மா, உன் பள்ளிப் பேருந்தை ஓட்டினவள், ஊரில் கையெழுத்து வாங்கினாள். அப்பா கல் துப்பாக்கிச் சங்கத்தின் தலைவர், அவருக்கு அது தன் வீட்டுக் கதவை யாரோ பெயர்த்துக்கொண்டு போவதுபோல. என்னிடம் இரண்டு தரப்பும் கையெழுத்துக் கேட்டார்கள், நான் இருவருக்கும் போடவில்லை. காட்டுயிரியல் படித்தவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்தது, இந்தக் காட்டில் மான் அதிகம், மரக்கன்று ஒன்றையும் வளரவிடுவதில்லை, சிலவற்றைச் சுட்டுத்தான் ஆக வேண்டும். தொலைநோக்கி வைத்த துப்பாக்கிக்காரன் இருநூறு கஜத்தில் சுட்டுவிட்டு நடந்துபோய்ப் பார்க்கச் சோம்பல்படுவதையும் பார்த்திருக்கிறேன், முப்பது கஜத்தில் கல் துப்பாக்கிக்காரன் சரியாகக் குறிபார்க்காமல் சுடுவதையும் பார்த்திருக்கிறேன். பழைய துப்பாக்கி ஒருவனை நல்லவனாக்கும் என்று நம்பும் வயதை நான் தாண்டிவிட்டேன்.

போன சனிக்கிழமை அந்தி நேரத்தில் அப்பா மான் வேட்டைக்கு நம் மேட்டுக்குப் போயிருந்தார். நான் முற்றத்துப் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தபோது அவர் துப்பாக்கியின் சத்தம் கேட்டது. அதன் சத்தம் உனக்குத் தெரியும், முதலில் புஸ்ஸென்று ஒரு சீறல், அப்புறம் ஒரு மூச்சு இடைவெளி விட்டு வெடி. அன்று மாலை இந்தப் பள்ளத்தாக்கில் நான் கேட்டது அந்த ஒரே சத்தம்தான். அவர் வந்து காலணியைக் கழற்றிக்கொண்டே, ஒரு பிணை மான், அருமையா நின்னுச்சு, மருந்து ஈரம், கிண்ணியில பத்திக்கிட்டு உள்ள போக நேரமாச்சு, குறி தப்பிருச்சு என்றார். போய்ப் பார்த்தீங்களா, ரத்தம், மயிர் ஏதாவது கிடந்ததா என்று கேட்டேன். தப்பினா தப்பினதுதான், எனக்குத் தெரியாதா என்றார். அதற்குள் பனி கொட்டத் தொடங்கிவிட்டது. ஈராண்டுக்கு முன் கிண்ணித் தீ புருவத்தைச் சுட்டதிலிருந்து விசையை இழுக்கும்போது அவர் கண்ணை மூடிக்கொள்கிறார், நான் பார்த்திருக்கிறேன், சங்கத்தில் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். பொறி விழாதபடி கல்லுக்குப் பதில் மரத்துண்டு மாட்டி வீட்டில் பழகுங்கள் என்று சொன்னதற்கு நான் என்ன சின்னப் பையனா என்று இரண்டு நாள் பேசவில்லை.

செவ்வாய்க்கிழமை இந்தப் பருவ விஷயமாகத் தீயணைப்புக் கூடத்தில் கூட்டம் வைத்தார்கள். அப்பா எழுந்து நன்றாகத்தான் பேசினார், கல் துப்பாக்கிக்காரனுக்கு ஒரே குண்டு, அதனால் அவன் பொறுமையாக இருப்பான், நெருங்கிப் போவான், தன்னால் முடியாத தூரத்தில் சுடமாட்டான், காயப்பட்ட மானைக் காட்டில் விட்டுவிட்டு வரமாட்டான் என்றெல்லாம். எல்லாரும் மேசையைத் தட்டினார்கள். ஜோலின் எழுந்து, என் துப்பாக்கி மழையிலயும் வெடிக்கும், நான் சுட்டா மான் நின்ன இடத்துலயே விழும், இது எந்த வருஷத்துத் துப்பாக்கின்னு எந்த மானும் என்கிட்ட கேட்டதில்ல என்றாள். உடனே அப்பாவின் நண்பர் விர்ஜில், அப்ப பேருந்தை ஏத்தியே கொன்னுருமா, அதுவும் மழையில ஓடும்தானே என்றார். அதற்கு அவள், உங்க கல்லு பத்திக்கிறதுக்குள்ள அந்த மானுக்குப் பேரன் பேத்தி பிறந்துருமே அண்ணே என்றாள். கூடமே சிரித்தது, விர்ஜில்கூடச் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. வண்டியில் திரும்பும்போது, எல்லார் முன்னாடியும் என்னைக் கோமாளி ஆக்கிட்டா என்றார். உங்க பேரையே அவ எடுக்கலையே என்றேன். நீயும் அவ கட்சி என்றார்.

நேற்று, வியாழக்கிழமை, ஜோலினின் வேலிக்குக் கீழே ஓடைப் பள்ளத்தில் காக்கைகள் கூடியிருப்பதைப் பார்த்து அப்பா இறங்கிப் போனார். ஹெம்லாக் மரங்களுக்கு அடியில் ஒரு பிணை மான் விறைத்துக் கிடந்தது, வயிற்றில் சுடப்பட்டு, அங்கே வந்து படுத்துச் செத்திருக்கிறது. இவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. நேராக வீட்டுக்கு வந்து வேட்டைக் காவலர் டிபெட்டுக்குப் போன் செய்து, கல் துப்பாக்கிப் பருவத்தில் ஜோலின் தன் புது மாதிரியை எடுத்துச் சுட்டிருக்கிறாள், சனிக்கிழமை அந்திக்கு அவள் பக்கமிருந்து வெடிச்சத்தம் கேட்டேன் என்று சொன்னார். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். டிபெட் வந்தபோது இருட்டிவிட்டது, பள்ளத்தில் பனிக்கட்டி, டார்ச் அடித்து ஒரு துளையைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு, சனிக்கிழமை காலை வந்து அறுத்துப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு ஜோலினின் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு போனார். குற்றம் உறுதியானால் அவளுக்குச் சில வருடம் வேட்டை உரிமம் கிடையாது. அந்த வீட்டில் அவளும் இரண்டு பிள்ளைகளும் குளிர்காலம் முழுக்கச் சாப்பிடுவது அவள் சுட்ட மான் கறி. அதைவிட, பேருந்தில் ஊர்ப் பிள்ளைகளை ஏற்றிப்போகிற பெண்ணைத் திருட்டு வேட்டைக்காரி என்று நாளைக்கு ஊர் சொல்லும்.

இன்று காலை நான் அந்தப் பள்ளத்துக்கு இறங்கினேன். ஏன் போனேன் என்றால், நான் கேட்டது ஒரே சத்தம். மானின் இடது பக்கம் காக்கைகள் கொத்தித் திறந்திருந்தன, கடைசி விலாவுக்குப் பின்னால் தோலுக்கு அடியில் குண்டு நின்றிருந்தது. ஈயக் குண்டு, உருண்டை, ஒரு பக்கம் நசுங்கி மறுபக்கம் முழுசாக. அந்த முழுப் பக்கத்தில் துணி நெசவின் தடம் பதிந்திருந்தது, குண்டைச் சுற்றித் துணி வைத்து இடிக்கும்போது விழுகிற தடம். ஜோலினின் துப்பாக்கியில் போவது பிளாஸ்டிக் உறைக்குள் செம்பு பூசிய கூர்க்குண்டு. அவள் வீட்டில் கல் துப்பாக்கியே கிடையாது. நான் எதையும் தொடவில்லை, டிபெட் தன் கண்ணால் பார்க்கட்டும் என்று அப்படியே விட்டுவிட்டு வந்து அப்பாவிடம் சொன்னேன்.

அவர் முகம் மாறியதைப் பார்த்தேன் மேரன், அதனால்தான் எழுதுகிறேன். அது தான் சுட்ட மான் என்று அவருக்குத் தெரியாமல் இருந்தது அந்த நொடி வரைக்கும்தான். பிறகு, யார் குண்டா வேணா இருக்கலாம், இந்த மலையில கல் துப்பாக்கி எத்தனை பேர்கிட்ட இருக்கு என்றார். சரி, யாருடையதாகவும் இருக்கட்டும், ஜோலினுடையது இல்லை, அதையாவது டிபெட்டுக்குப் போன் செய்து சொல்லுங்கள் என்றேன். நாளைக்கு அவரே வந்து பார்ப்பாரே என்றார். அவள் பக்கம் சத்தம் கேட்டதாகச் சொன்னீர்களே, அது யாருடைய சத்தம் என்றேன். எழுந்து கொட்டகைக்குப் போய்விட்டார். பிற்பகல் விர்ஜில் வந்து அப்பாவோடு முன்னறையில் உட்கார்ந்தார். நான் அடுப்படியில் ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தேன், கதவு திறந்துதான் இருந்தது, அவர்களுக்கு அது உறைக்கவில்லை. காக்கா கொத்தின இடம்தானே ஹார்லன், குண்டு எங்கயாவது விழுந்திருக்கும், யார் தேடப் போறா, காலையில ஒரு நடை போயிட்டு வா என்றார் விர்ஜில். சங்கத்தோட பேரை நினைச்சுப் பாருப்பா, இப்ப இது வெளிய வந்தா அவங்க கையெழுத்துக் காகிதத்துக்கு நீயே முத்திரை குத்தின மாதிரி என்றும் சொன்னார். அப்பா விர்ஜிலுக்கு இன்னொரு காபி ஊற்றினார்.

எனக்குக் கோபம் துப்பாக்கி மேல் இல்லை. கண்ணை மூடினதில்கூட இல்லை, தீயைப் பார்த்தால் யாருக்கும் இமை மூடும். சுட்ட பிறகு ஐம்பது அடி நடந்துபோய்க் குனிந்து பார்க்காத மனிதர், காயப்பட்ட மானை விட்டுவிட்டு வரமாட்டோம் என்று ஊர் முன்னால் நெஞ்சைத் தட்டினாரே, அதில்தான் கோபம். அந்த மான் இரவெல்லாம் குடல் கிழிந்து பனியில் கிடந்திருக்கிறது. அதற்கும் மேல் ஒரு பெண்ணின் தலையில் அதைத் தூக்கிப் போட்டிருக்கிறார், அவள் செய்த தப்பு ஊரைச் சிரிக்க வைத்தது. சாப்பாட்டு மேசையில் அவரிடம் சொல்லிவிட்டேன், டிபெட் வரும்போது நீங்கள் பேசாவிட்டால் நான் பேசுவேன் என்று. புருஷன் மேலயே சாட்சி சொல்லப்போறியா என்றார். நான் மானைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன் என்றேன். உருளைக்கிழங்கை எடுத்துப் போட்டுக்கொண்டு தலையைக் குனிந்து சாப்பிட்டார். இருபத்தாறு வருடம் ஒன்றாகச் சாப்பிட்ட மனிதர் நாளைக் காலை கத்தியை எடுத்துக்கொண்டு அந்தப் பள்ளத்துக்கு இறங்குவாரா மாட்டாரா என்று என்னால் சொல்ல முடியவில்லை. நலமா என்று கேட்டாயே, இதுதான் நிலைமை.

நீ நன்றாக இரு. உன் வேலை நன்றாக நடக்கட்டும், உன்னைச் சுற்றி இருப்பவர்கள் உண்மை பேசுகிறவர்களாக இருக்கட்டும், வேறென்ன வாழ்த்துவது. பல்வலியைத் தள்ளிப்போடாதே, டாக்டரிடம் போ. அப்பா தானாகச் சொல்லும்வரை இதைப் பற்றி அவரிடம் போனில் கேட்காதே.

என்றும் உன் நலம் நாடும்
அம்மா

சனிக்கிழமை பிற்பகல். தபால் போகவில்லை, அதனால் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். காலையில் நான் எழுந்தபோது அப்பா படுக்கையில் இல்லை, தோல் உரிக்கும் கத்தியும் இல்லை. பனியில் அவர் காலடி நேராகப் பள்ளத்துக்குப் போயிருந்தது. நான் போனபோது மானின் பக்கவாட்டில் புதிதாக வெட்டிய தடம், குண்டு இல்லை. அங்கிருந்து காலடி மேலேறி ஜோலின் வீட்டுக்குப் போயிருந்தது. அவர் அவள் வாசற்படியில் நின்றிருந்தார், டிபெட்டின் வண்டி அப்போதுதான் வந்து நின்றது. ஜோலின் வலைக்கதவைத் திறக்காமல் உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா கையை நீட்டிக் குண்டைக் காட்டினார். டிபெட், இதை எங்க எடுத்தீங்க என்று கேட்டார். அப்பா பள்ளத்தின் பக்கம் தலையை ஆட்டினார். டிபெட், மானுக்குள்ள நான் பார்த்தாத்தான் அது சாட்சி சார், உங்க உள்ளங்கையில இருந்தா அது வெறும் ஈயம், எதுக்கு இதைத் தொட்டீங்க என்று சத்தம் போட்டார். நான் பார்த்தேன் என்றேன். இடது பக்கம், கடைசி விலாவுக்குப் பின்னால், தோலுக்கு அடியில், நேற்றுக் காலை. சனிக்கிழமை அந்திக்குக் கேட்டது ஒரே வெடிச்சத்தம், அது எங்கள் மேட்டிலிருந்து வந்தது என்றும் சொன்னேன். டிபெட் எழுதிக்கொண்டார், பிறகு அப்பாவைப் பார்த்தார். அப்பா, அவ சொல்றது சரிதான், எனக்குக் குறி தப்பல என்றார். அவ்வளவுதான் சொன்னார், ஜோலினைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்பாவின் உரிமத்தை டிபெட் வாங்கி வைத்துக்கொண்டார், மேலே என்ன நடக்கும் என்பதை அலுவலகம் எழுதித் தெரிவிக்குமாம். ஜோலினின் துப்பாக்கியை வண்டியிலிருந்து எடுத்து அவளிடம் கொடுத்தார். அவள் அதைச் சுவரில் சாய்த்துவிட்டு, உள்ள வாங்க சார், காபி சூடா இருக்கு என்று டிபெட்டை அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினாள். நாங்கள் இருவரும் படியில் நின்றிருந்தோம்.