வலது காதில் மாட்டிய ஹெட்செட்

கிளிஞ்சல்மேடு, காரைக்கால்
27.7.2008

அன்பு மகள் பாரதிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் அங்கே நலமா என்று கேட்டுத்தான் எந்தக் கடிதத்தையும் தொடங்குவேன், இந்தத் தடவை அந்தக் கேள்வியை எழுதவே கை கூசுகிறது, இருந்தாலும் கேட்கிறேன், உடம்பு எப்படி இருக்கிறதம்மா. இடுப்பு வலி குறைந்திருக்கிறதா, சோறு இறங்குகிறதா, தூக்கம் வருகிறதா. உன் வயிற்றில் இருந்தது தங்கவில்லை என்பது எனக்குப் போன செவ்வாய்க்கிழமைதான் தெரியும், அதுவும் உன் மாமியார் சொல்லித் தெரியும். நீ அதை என்னிடம் போன மாதமே போனில் சொல்லிவிட்டாய் என்பதும், அதற்கு நான் ரொம்ப சந்தோஷம்மா என்று பதில் சொன்னேன் என்பதும்கூட அவர்கள் சொல்லித்தான் தெரியும்.

உடனே உனக்குப் போன் செய்தேன். மாப்பிள்ளை எடுத்து நீ தூங்குவதாகச் சொன்னார், மறுநாளும் அப்படியே சொன்னார், கவியரசன் பொய் சொல்லத் தெரியாத பிள்ளை, குரலிலேயே தெரிந்துவிட்டது. உன்மேல் குறை சொல்லவில்லை. நீ எடுத்திருந்தாலும் நான் தட்டுத்தடுமாறி ஏதோ சொல்ல, நீ பரவாயில்லம்மா என்று சொல்லி வைத்திருப்பாய், அந்தப் பரவாயில்லையை நான் ஒழுங்காகக் கேட்டேனா என்றுகூட எனக்கு உறுதியாகத் தெரிந்திருக்காது. அதனால்தான் எழுதுகிறேன், எழுத்தில் கரகரப்பு கிடையாது. நான் என்ன செய்தேன் என்பதை ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

சித்திரை கடைசியில் மாப்பிள்ளையோடு வேலை பார்க்கும் ஜெய்னுலாபுதீன் மஸ்கட்டிலிருந்து லீவில் வந்தபோது நீ கொடுத்தனுப்பிய அந்த வயரில்லாத புளூடூத் ஹெட்செட்டை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தாரே, அன்றைக்குத் தெருவே வந்து பார்த்தது. அதில் நீல விளக்கு மினுக்குவதைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுச் சொர்ணாம்பாள், "என்ன மலரு, காதுல மின்மினிப்பூச்சி உக்காந்துருக்கு, புடிச்சிப் போடட்டா" என்று சிரித்தாள். எனக்கு ஒரே பெருமை. கையில் செல்லைப் பிடிக்காமலே மகளிடம் பேசுகிறேன் என்று பள்ளிக்கூடத்தில் டீச்சர்களிடமெல்லாம் சொன்னேன். அப்பாவுக்குத்தான் கவலை, இந்த உப்புக் காற்றில் செல் நாலு மாதம் தாங்காது என்று. கடலுக்குப் போகிறவர்கள் செய்கிற மாதிரி அதைப் பாலித்தீன் பையில் சுற்றி ரப்பர் பேண்டு போட்டு, அடுப்படி அலமாரியில் இருந்த எவர்சில்வர் டப்பாவுக்குள் நிறுத்தி வைத்தார், மணி அடித்தால் கேட்கட்டும் என்று மூடியை மட்டும் கொஞ்சம் சாய்த்து வைத்தார். "பேசுறதுக்குத்தான் காதுல மாட்டிக்கிறது இருக்குல்ல, செல்லு எதுக்கு வெளியில கெடக்கணும்" என்றார். எனக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது. இயற்பியல் படித்தவள் நான், உலோகக் கூட்டுக்குள் அலை நுழையாது என்று பரீட்சையில் படம் போட்டு எழுதி மார்க் வாங்கினவள், அடுப்படியில் தினமும் அந்த டப்பாவைப் பார்த்துக்கொண்டே நின்றேன், ஒரு நாளும் தோன்றவில்லை.

முதல் வாரத்திலிருந்தே சரியில்லை, உனக்கே தெரியும். "அம்மா, ஓங்குரலு கெணத்துக்குள்ளேருந்து வர்ற மாதிரி இருக்கும்மா, விட்டு விட்டு வருது" என்று நீ சொல்வாய். நான் மின்விசிறியை நிறுத்தினேன், கடல் பக்கத்து ஜன்னலைச் சாத்தினேன், காதில் வைக்கிற இடத்தைப் பஞ்சால் துடைத்தேன், நிறைய நேரம் சார்ஜ் போட்டேன், கூட வந்த புத்தகத்தைப் பார்த்து, பழைய இணைப்பை அழித்துவிட்டு நாலு சைபர் போட்டு ஹெட்செட்டைச் செல்லோடு மறுபடி சேர்த்தேன். அந்தப் புத்தகத்திலேயே இரும்புச் சாமான்களுக்குப் பக்கத்தில் செல்லை வைக்காதீர்கள் என்று ஒரு வரி இருக்கிறது, இரும்பு பீரோவைச் சொல்கிறான் என்று எண்ணிக்கொண்டு பக்கத்தைத் திருப்பிவிட்டேன். எனக்கும் உன் குரல் தலையணைக்கு அடியிலிருந்து வருகிற மாதிரிதான் கேட்டது. அதை உன்னிடம் சொன்னேனா, சொல்லவில்லை. நீ கேக்குதாம்மா கேக்குதாம்மா என்று கேட்கும்போதெல்லாம் நல்லா கேக்குதும்மா என்றேன். நீ ஆசையாக வாங்கி அனுப்பினதைக் குறை சொல்லக்கூடாது என்று எனக்கு நானே ஒரு காரணம் வைத்திருந்தேன். உண்மை அதுவல்ல. இந்தத் தெருவில் ஆஸ்பத்திரிச் சீட்டு வந்தாலும் கோர்ட்டு நோட்டீஸ் வந்தாலும் மலர் டீச்சரிடம் போ என்றுதான் சொல்வார்கள், எதையும் புரிந்துகொள்கிறவள் என்ற பெயரோடு இத்தனை வருஷம் இருந்துவிட்டேன். புரியவில்லை, திரும்பச் சொல்லு என்ற வார்த்தை எனக்கு வாயில் வருவதே இல்லை.

போன மாதம் அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் நீ கூப்பிட்டபோது நான் கொல்லையில் சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். கையெல்லாம் செதிள், காதில் மாட்டியிருந்த ஹெட்செட்டின் பட்டனை மணிக்கட்டால் அழுத்தினேன். செல் உள்ளே டப்பாவில் இருந்தது, நடுவில் இரண்டு சுவர். உன் குரல் வழக்கத்தைவிடத் தணிந்து வந்தது, நீ அழுதுகொண்டிருந்திருக்கிறாய், எனக்கு அது லைன் கோளாறாகத்தான் தெரிந்தது. டாக்டர் என்றும் ஸ்கேன் என்றும் மட்டும் காதில் விழுந்தது. மூன்றாம் மாதப் பரிசோதனைக்குப் போய்வந்ததைச் சொல்கிறாய் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். சரிம்மா என்றேன், நல்லதும்மா என்றேன், ரொம்ப சந்தோஷம்மா, அப்பாகிட்ட சொல்றேன், எல்லாம் அம்மன் பாத்துக்கும் என்றேன். நீ கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. லைன் போய்விட்டது என்று நினைத்து மறுபடி மீனை எடுத்தேன். இதை எழுதும்போது அந்தக் கொஞ்ச நேரம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. நீ அங்கே போனைக் காதில் வைத்துக்கொண்டு நான் வேறு ஏதாவது சொல்வேன் என்று நின்றிருக்கிறாய், நான் இங்கே செதிள் உரித்துக்கொண்டிருந்தேன்.

அதோடு விட்டேனா. ஜெய்னுலாபுதீன் திரும்பிப் போகும்போது, மசக்கைக்குப் புளிப்புக் கேட்குமே என்று நார்த்தங்காய் ஊறுகாயும் மாவடுவும் கட்டிக் கொடுத்தேன், வாய்க்கு இதமாக இருக்கும், இரண்டு பேருக்கும் சேர்த்துச் சாப்பிடு என்று துண்டுச்சீட்டு வேறு எழுதி வைத்தேன். அது உன் கையில் எந்த நேரத்தில் வந்து சேர்ந்திருக்கும் என்று நினைத்தால் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அந்த பாட்டில்களை நீ தூக்கி எறிந்திருந்தால் சரியாகவே செய்திருக்கிறாய். அதன் பிறகு நீ கூப்பிடுவது குறைந்தது, கூப்பிட்டாலும் நல்லா இருக்கேம்மா என்ற ஒரே வார்த்தை, அப்புறம் அதுவும் இல்லை. பிள்ளைக்குக் களைப்பு என்று அப்பாவிடம் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை உன் மாமியார் லோகாம்பாள் அம்மா போலகத்திலிருந்து பஸ் ஏறி வந்தார்கள். காபி கலக்கப் போனேன், வேண்டாம் என்று கையைக் காட்டினார்கள். "ஏன் சம்பந்தி, ஒண்ணு கேக்குறேன், தப்பா எடுத்துக்காதீங்க. கரு கலைஞ்சி போச்சின்னு புள்ள அழுதுக்கிட்டு சொல்லிருக்கு, நீங்க சந்தோஷம்னு சொன்னீங்களாமே. புள்ள இப்ப வேணாம்னு ஒங்களுக்கு ஒரு எண்ணம் இருந்துதா, எங்கக்கிட்ட சொல்லிருக்கலாமே. என் மவன் போன்ல அழுவுறான், எங்கம்மாவுக்கு என்னைப் புடிக்காமப் போச்சின்னு பாரதி கெடையா கெடக்குதுங்குறான்" என்றார்கள். நான் அந்த இடத்திலாவது எனக்குக் கேட்கவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை பாரதி. லைன் சரியில்லை, ஹெட்செட் மட்டமான சரக்கு என்றேன். நீ அனுப்பினதைப் பழி சொன்னேன். அவர்கள் என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "லைனு சரியில்லன்னா என்னான்னு கேக்குறது சம்பந்தி, சந்தோஷம்னா சொல்லுவாங்க" என்று சொல்லிக் கிளம்பிவிட்டார்கள்.

அப்புறம்தான் அந்த ஹெட்செட்டைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். குற்றத்தை அதன்மேல் நிரூபித்துவிட்டால் போதும் என்றுதான் உட்கார்ந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். அப்பாவைப் பக்கத்து வீட்டு செல்லோடு கடற்கரைக்கு அனுப்பிப் பேசச் சொன்னேன். விட்டு விட்டு வருகிறது என்றார். செல்லை டப்பாவிலிருந்து எடுத்து, பாலித்தீனை உரித்து, இடுப்பில் செருகிக்கொண்டு பேசினேன். "அடி, இப்ப மணியாட்டம் கேக்குதுடி" என்று கத்தினார். டப்பாவின் கதை அப்போது புரிந்தது. ஆனால் எனக்கு அவர் குரல் இன்னும் பஞ்சு அடைத்த மாதிரியேதான் இருந்தது. அவரை வரச்சொல்லி அவர் காதில் மாட்டிப் பேசிப் பார்த்தேன், நல்லாத்தானே இருக்கு என்றார். திரும்ப வாங்கி மாட்டும்போது கொக்கி முந்தானையில் சிக்கிக்கொண்டது, அவசரத்தில் இடது காதில் மாட்டினேன். அப்பா வாசலில் நின்று பேசினார். அவர் குரல், அவருக்குப் பின்னால் காக்கை, தெருவில் போன மீன் சைக்கிளின் மணி, எல்லாம் கேட்டது. வலது காதுக்கு மாற்றினேன், எல்லாம் தலையணைக்கு அடியில் போய்விட்டது. இரண்டு மூன்று தடவை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். ஹெட்செட்டுக்கு ஒன்றுமில்லை பாரதி. எனக்கு வலது காது கேட்கவில்லை.

இது புதிது இல்லை என்பது யோசிக்க யோசிக்கத் தெரிகிறது. வகுப்பில் வலது பக்கத்து பெஞ்சுப் பிள்ளைகள், "டீச்சருக்கு இந்தப் பக்கம் கேக்காதுடா, என்னா வேணா பேசு" என்று சொன்னதை ஒருமுறை நானே அரைகுறையாகக் கேட்டுக் கேட்காத மாதிரி இருந்திருக்கிறேன். ஹெட்செட்டை ஏன் வலது காதில் மாட்டினேன் என்று நினைத்துப் பார்த்தேன். பேசும்போது வாசலில் யார் கூப்பிடுகிறார்கள், குக்கர் எத்தனை விசில், பால்காரர் வந்தாரா என்று தெரிய வேண்டுமே என்று இடது காதை விட்டுவைத்தேன். எந்தக் காது நல்ல காது என்று எனக்குள் ஏதோ ஒன்றுக்குத் தெரிந்தேதான் இருந்திருக்கிறது. நல்ல காதை வாசலுக்கும் அடுப்புக்கும் கொடுத்துவிட்டு, கேட்காத காதை உனக்குக் கொடுத்திருக்கிறேன்.

அப்பாவிடம் சொல்லவும் வெட்கமாக இருந்தது, சார்ஜ் தீர்ந்துவிட்டது என்று சொல்லி அன்றைக்குச் சமாளித்தேன். நேற்றுத்தான் சொன்னேன். அவர் வலை பிரித்துக்கொண்டிருந்தார், நிமிராமலே, "எனக்கு இப்பத்தான் புரியுது மலரு, அந்தப் பக்கம் நின்னு கூப்புட்டா நீ திரும்பவே மாட்டே, ரெண்டு வருசமா என்மேல கோவமா இருக்கேன்னுல்ல நெனச்சிக்கிட்டிருந்தேன்" என்றார். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. புதன்கிழமை தஞ்சாவூருக்குக் காது டாக்டரிடம் கூட்டிப்போகிறார். மாட்டிக்கொள்ள மிஷின் கொடுத்தால் மாட்டிக்கொள்வேன், சொர்ணாம்பாள் இரண்டாவது மின்மினி என்று சிரித்தால் சிரிக்கட்டும். வரும் வழியில் போலகத்தில் இறங்கி உன் மாமியாரைப் பார்த்து, எனக்குக் காது கேட்கவில்லை, அதை மறைத்தேன், உங்களிடமும் பொய் சொன்னேன் என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன்.

அந்த வெள்ளிக்கிழமை எனக்குக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எழுதப் பார்க்கிறேன். பெரிதாக ஒன்றும் சொல்லத் தெரிந்திருக்காது. ஐயோ கண்ணே என்றுதான் வந்திருக்கும். நீ ஒரு தப்பும் செய்யவில்லை, மாடிப்படி ஏறியதாலோ எதையோ தூக்கியதாலோ போகவில்லை, சில சமயம் தங்குவதில்லை, அவ்வளவுதான் என்று சொல்லியிருப்பேன். மாப்பிள்ளையும் சேர்ந்துதான் இழந்திருக்கிறார், அவரைத் தனியே விடாதே என்று சொல்லியிருப்பேன். அடுத்தது எப்போது என்று யார் கேட்டாலும் பதில் சொல்ல வேண்டியதில்லை. டாக்டர் எழுதிய இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தாதே, பூண்டுக் குழம்பு வை, குளிர்ந்த தண்ணீரில் நிற்காதே. இதெல்லாம் அன்றைக்கே உன் காதில் விழுந்திருக்க வேண்டிய வார்த்தைகள், இவ்வளவு தாமதமாகத் தபாலில் வருகின்றன, மன்னித்துக்கொள்.

உனக்கு எப்போது மனசு வருகிறதோ அப்போது கூப்பிடு, அவசரம் இல்லை. டப்பாவில் இப்போது உளுந்து இருக்கிறது, செல் என் கையோடு இருக்கிறது, ஹெட்செட் இடது காதில். வாசலில் யார் கூப்பிட்டாலும் கூப்பிடட்டும், குக்கர் அடித்துக்கொண்டே கிடக்கட்டும். கேட்காவிட்டால் என்னம்மா சொன்னே என்று கேட்பேன், எத்தனை தடவை கேட்டாலும் சலித்துக்கொள்ளாமல் சொல்லு. அன்றைக்குச் சொன்னதை இன்னொரு தரம் முதலிலிருந்து சொல்ல முடிந்தால் சொல்லு. முடியாவிட்டால் பேசாமல் இரு, இந்தத் தடவை நான் லைன் போய்விட்டது என்று நினைக்க மாட்டேன்.

நீயும் மாப்பிள்ளையும் உடம்பாலும் மனசாலும் தேறி நிறைவாக வாழ அம்மாவும் அப்பாவும் வேண்டிக்கொள்கிறோம். மாத்திரையை மறக்காதே.

உனக்கு ஒரு பதில் பாக்கி வைத்திருக்கும்
அம்மா,
பூ. மலர்க்கொடி